படமா, மேடையா: இளம் இசையமைப்பாளர் எதை முதலில் எடுப்பது?

இசை படித்து முடித்த ஒருவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு எடுத்த 90 நிமிடப் படம். பாட்டு கிடையாது, பின்னணி இசை மட்டும் வேண்டும். இன்னொன்று, இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழு. 12 நிமிடத்துக்குப் புதிதாக எழுதிக் கொடுத்தால் அடுத்த நிகழ்ச்சியில் வாசிக்கிறோம் என்கிறார்கள். இரண்டுக்கும் கெடு நான்கு மாதம். எதற்குச் சரி என்று சொல்வது?

இரண்டையும் எடுத்துக்கொள் என்று சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் படத்துக்கு 25 நிமிட இசை தேவை என்றால் அது இருபதுக்குக் குறையாத சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் இயக்குநரோடு இரண்டு மூன்று தடவை உட்கார வேண்டியிருக்கும். நால்வர் குழுவுக்கோ ஒவ்வொரு ஸ்வரமும், ஒவ்வொரு வில் வீச்சும் தாளில் இருந்தாக வேண்டும். புதிதாக வருகிறவர் நான்கு மாதத்தில் இரண்டையும் உருப்படியாக முடிப்பது நடக்கிற காரியம் இல்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை படமே செய்யாதவர் படத்தை எடுக்கட்டும். இரண்டு மூன்று படம் செய்துவிட்டவர், காசு குறைந்தாலும் சரி, நால்வர் குழுவுக்கு எழுதட்டும். பெரிய பட்ஜெட் சினிமாவை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஐந்து பாட்டு, ஆடியோ கம்பெனி, ஹீரோவின் அறிமுகக் காட்சி என்று அதன் கணக்கே வேறு.

காட்சியின் நேரம்

படத்தில் நேரம் உங்கள் கையில் இல்லை. எடிட்டிங் முடிந்து 'லாக்' ஆன, அதாவது இனி வெட்ட மாட்டோம் என்று முடிவான காட்சி உங்களிடம் வருகிறது. சமையலறையில் ஒரு அம்மா தனியாக இருக்கிறாள். காட்சி தொடங்கி 37ஆவது விநாடியில் கதவு திறந்து மகன் உள்ளே வருகிறான். அந்த இடத்தில் இசை மாற வேண்டும் என்கிறார் இயக்குநர். நீங்கள் போட்டு வைத்திருக்கும் மெட்டு நான்கு எண்ணிக்கையில், நிமிடத்துக்கு 72 அடி வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் 37 விநாடிக்கு 44.4 அடி வரும். அதாவது நான்கு அடி ஒரு பார் என்று எண்ணினால், பன்னிரண்டாவது பாரின் முதல் அடி போய், இரண்டாவது அடி வருவதற்கு முன்னால் கதவு திறந்துவிடும். இசை கொஞ்சம் முந்திக்கொண்ட மாதிரி இருக்கும்.

வேகத்தை 71.35 ஆக்கிப் பாருங்கள். 44 அடி சரியாக 37 விநாடியில் முடியும். பன்னிரண்டாவது பாரின் முதல் அடியும் கதவும் ஒன்றாக வந்து சேரும். வேகம் குறைந்தது யார் காதுக்கும் தெரியாது.

இதோடு முடிவதில்லை. ஒரு வாரம் கழித்து எடிட்டர் போன் செய்கிறார்: "அந்த சீன்ல ரெண்டு செகண்ட் தூக்கிட்டேன், ப்ரோ." லாக் ஆன படம் மறுபடி திறக்கப்படுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இப்போது கதவு 35ஆவது விநாடியில் திறக்கிறது. அதே 44 அடியை 35 விநாடியில் அடைத்தால் வேகம் 75ஐத் தாண்டும், காட்சி முழுக்க ஒரு பரபரப்பு வந்துவிடும். அதற்குப் பதிலாக வேகத்தை 72இலேயே வைத்து 42 அடி எழுதலாம். நான்கு எண்ணிக்கையில் பத்து பார், இடையில் இரண்டே எண்ணிக்கையில் ஒரு பார், கணக்கு சரியாகிவிடும். அந்தக் குட்டி பாரை எங்கே வைப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. எங்காவது செருகினால் தடுக்கி விழுந்த மாதிரி கேட்கும். அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பும் இடத்தில் வைத்தால், அந்த அவசரம் அவளுடையதாகவே தோன்றும், ஒட்டுப்போட்ட இடம் தெரியாது.

இப்படி ஒரு படம் முழுக்கக் கணக்குப் போட்டுப் பழகியவருக்கு வேகமும் தாளமும் வாக்கிய நீளமும் கைக்கு வந்துவிடும். எந்த வகுப்பறையும் இதை இத்தனை சீக்கிரம் கற்றுக்கொடுக்காது. காலையில் எழுதியதை ராத்திரி காட்சியோடு ஓட்டிப் பார்க்கலாம், தப்பானால் மறுநாள் மாற்றலாம். இருபது துண்டுகளையும் முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இருக்கிறது. ஆரம்பிக்கிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் முதல் வாய்ப்பைப் படத்துக்குக் கொடுக்கச் சொல்கிறேன்.

படத்தில் வரும் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: டெம்ப் டிராக். எடிட்டிங் நடக்கும்போது தற்காலிகமாக வேறு ஒருவரின் இசையைப் போட்டு வெட்டுவார்கள். மூன்று மாதம் அதையே கேட்ட இயக்குநருக்கு அதுதான் படத்தின் குரல் என்று ஆகிவிடும். அப்புறம் நீங்கள் எதைக் கொண்டுவந்தாலும் "நல்லா இருக்கு, ஆனா அந்த ஃபீல் வரல" என்பார். பெரிய படங்களில் இதை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாது. சுயாதீனப் படத்தில் முடியும், ஏனென்றால் இயக்குநரும் நீங்களும் ஒரே டீக்கடையில் நிற்கிறீர்கள். எடிட்டிங் தொடங்குவதற்கு முன்பே, திரைக்கதையைப் படித்துவிட்டு நான்கைந்து மெட்டுகளை முழு நீளத்துக்குப் பதிவு செய்து கொடுத்துவிடுங்கள். உங்கள் இசையே டெம்ப் டிராக் ஆகட்டும். சம்மதிக்கிற இயக்குநர் கிடைத்தால் அந்தப் படத்தை விடாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: இந்தப் படத்துக்கு இசை உண்மையிலேயே தேவையா? 'டு லெட்' என்ற தமிழ்ப் படம் பின்னணி இசையே இல்லாமல் எடுக்கப்பட்டது. வீடு தேடி அலையும் குடும்பத்தின் தெருச் சத்தமும் சுவர்களின் மௌனமும் அங்கே போதுமானதாக இருந்தன. இதற்கு நேர் எதிராக, 1955இல் வந்த 'பதேர் பாஞ்சாலி'யில் மகள் இறந்த செய்தியைக் கணவனிடம் சொல்ல முடியாமல் தாய் உடைந்து அழும்போது அவள் குரல் நமக்குக் கேட்காது. வில்லால் வாசிக்கும் தார் ஷெனாயின் உச்ச ஒலிதான் கேட்கும். ரவிசங்கர் அந்தப் படத்துக்கான இசையின் பெரும்பகுதியை ஒரே அமர்வில் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போனார். அதில் எதை எங்கே வைப்பது, எந்தக் குரலை நிறுத்திவிட்டு எந்த வாத்தியத்தைக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தவர் இயக்குநர் சத்யஜித் ராய். படத்துக்கு எழுதுகிறவருக்கு இது மனதில் பதிய வேண்டிய விஷயம். உங்கள் இசையின் சிறந்த கணத்தை உருவாக்குகிறவர் சில சமயம் நீங்களாக இருக்க மாட்டீர்கள். இதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிற மனம் இருந்தால் படம் உங்களுக்கு ஒத்துவரும். இல்லையென்றால் ஒவ்வொரு மிக்ஸிங்கும் ஒரு சண்டையாக முடியும்.

பன்னிரண்டு நிமிடம்

இனி நால்வர் குழு. சுயாதீனப் படத்தில் ஒரு துண்டு இரண்டு நிமிடத்தைத் தாண்டுவதே அபூர்வம். தொடங்கும், ஒரு மனநிலையைப் பிடிக்கும், வசனம் வந்ததும் மங்கிப்போகும். மூன்று படம் செய்தவரிடம் அழகான ஆரம்பங்கள் ஐம்பது இருக்கும், ஒரு முடிவுகூட இருக்காது. அவரிடம் 12 நிமிடத்துக்கு எழுதச் சொன்னால் மூன்றாவது நிமிடத்தில் தடுமாறுவார். மெட்டு இரண்டு தடவை வந்துவிட்டது, எல்லா வாத்தியமும் சேர்ந்து ஒருமுறை உயர்ந்துவிட்டது, அடுத்து என்ன? படத்தில் அந்த இடத்தில் காட்சி மாறிவிடும். மேடையில் நான்கு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட்கிறவரின் கவனத்தைப் பிடித்து வைக்க ஸ்வரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கச்சேரி கேட்டு வளர்ந்தவருக்கு இதில் ஒரு பலம் உண்டு. ராகம் தானம் பல்லவியில் ஒரே வரியை விரித்து, வேகம் மாற்றி, தாளத்துக்குள் இடம் மாற்றி, ஒரு மணி நேரம் கொண்டுபோவதை அவர் கேட்டிருக்கிறார். சின்ன விஷயத்திலிருந்து பெரிய நேரத்தைக் கட்டுவது எப்படி என்று அந்தக் காதுக்குத் தெரியும். ஆனால் அங்கே விரிக்கிறவர் மேடையில் இருக்கிறார், சபையைப் பார்த்து அந்தக் கணத்தில் முடிவெடுக்கிறார். நால்வர் குழுவுக்கு எழுதுகிறவர் அந்த முடிவுகளையெல்லாம் இரண்டு மாதம் முன்னால், மேஜையில் உட்கார்ந்து எடுத்தாக வேண்டும். பல்லவியை அப்படியே ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது மேற்கத்திய ஐந்து கோட்டுக் குறியீட்டில், இறக்கினால் வேலைக்காகாது. அதன் உத்தியை எடுத்துக்கொள்ளலாம். ஒரே வரியை முதலில் செல்லோவில் பாதி வேகத்தில், அப்புறம் இரண்டாவது வயலினில் இயல்பான வேகத்தில், கடைசியில் நான்கு பேரிடமும் தாளத்தின் வெவ்வேறு இடத்தில் தொடங்கி வரச் செய்து பார்த்தால் மூன்று நான்கு நிமிடம் தானாக நிற்கும்.

கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதை, எழுதுவதுதான் மிகப் பெரிய சிக்கல். தோடி ராகத்தின் காந்தாரத்தை ஒற்றை ஸ்வரமாக எழுதிக் கொடுத்தால் மேற்கத்தியப் பயிற்சி பெற்ற வயலின்காரர் அதை நேராக வாசிப்பார், தோடி போய்விடும். அந்த அசைவை எல்லாம் குட்டி ஸ்வரங்களாகப் பிரித்து எழுதினால் தாள் கறுத்துப்போகும், வாசிக்கிறவர் எண்ணிக்கையில் மாட்டிக்கொண்டு விறைப்பாக வாசிப்பார். என்னைக் கேட்டால், முதல் படைப்புக்குத் தோடி, சகானா பக்கமே போக வேண்டாம். மோகனமும் ஹம்சத்வனியும் ஓரளவு நேரான ஸ்வரத்திலும் தங்கள் முகத்தைக் காட்டும். கமகம் தவிர்க்கவே முடியாத இடத்தில் மெட்டின் எலும்புக்கூட்டை மட்டும் எழுதி, அதை நீங்களே பாடிப் பதிவு செய்து வாத்தியக்காரருக்கு அனுப்புங்கள். பத்து வரிக் குறிப்பைவிட அரை நிமிடக் குரல் பதிவு நன்றாக வேலை செய்யும்.

கம்ப்யூட்டரில் வயலின் சத்தத்தை வைத்து எழுதிப் பழகியவர்களுக்கு வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. வயலினின் கடைசித் தந்தி ஜி. அதற்கு அடுத்த ஸ்வரமான ஏ-யும் அதே தந்தியில்தான் பிடித்தாக வேண்டும், ஏனென்றால் மேலே உள்ள தந்தி டி-யில் தொடங்குகிறது. ஆக, அந்த ஜி-யையும் ஏ-யையும் ஒரே நேரத்தில் ஒரு வயலினில் வாசிக்கவே முடியாது. கம்ப்யூட்டர் தயங்காமல் வாசித்துக் காட்டும். படத்தில் அது பிரச்சினையே இல்லை, கம்ப்யூட்டரில் வந்த சத்தம் அப்படியே படத்துக்குப் போய்விடும். மேடையில் முதல் ஒத்திகையிலேயே வாத்தியம் நின்றுவிடும். பக்கம் திருப்பும் இடத்தில் வயோலாவுக்கு ஓய்வே இல்லாமல் எழுதியிருந்தால், "தம்பி, நான் திருப்பறதா வாசிக்கறதா?" என்று கேட்பார்கள். இவையெல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் கிடைப்பது இரண்டே ஒத்திகை என்றால், ஒவ்வொரு சின்ன விஷயமும் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். கடைசி இரண்டு நிமிட இசையை ஒருவரும் சரியாக வாசித்துப் பார்க்காமலேயே மேடை ஏற வேண்டிவரும்.

சென்னைக்கு இதில் ஒரு தனி நிலைமை உண்டு. பல பத்தாண்டு சினிமாப் பதிவுகளால், ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிக்கும் தந்தி வாத்தியக்காரர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். இது பெரிய செல்வம். ஆனால் அவர்களில் பலர் பழகியது ஹெட்போனில் வேகத்தைக் காட்டும் கிளிக் சத்தம் ஓட, ஒரு பகுதியை வாசித்து, சரியில்லை என்றால் மறுபடி எடுத்து, அடுத்த பகுதிக்குப் போகும் முறைக்கு. கிளிக் இல்லாமல், ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்து, 12 நிமிடத்தை நிறுத்தாமல் கொண்டுபோவது வேறு பயிற்சி. எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் ஏற்கெனவே நால்வராகச் சேர்ந்து வாசித்துப் பழகிய குழுவா என்று பாருங்கள். மேடைக்காக அன்றைக்குச் சேர்த்த நான்கு பேர் என்றால் எட்டு நிமிடத்துக்கு மேல் எழுத வேண்டாம்.

முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். முழுநேரத் தொழில்முறை சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்று சொன்னால் இந்தியாவில் மும்பையின் என்.சி.பி.ஏ. கலை மையத்தில் 2006இல் தொடங்கிய ஒன்றைத்தான் காட்டுவார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த இளையராஜாவே தன் சிம்பொனியை மேடையேற்ற 2025 மார்ச்சில் லண்டன் போக வேண்டியிருந்தது. 1993இல் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு அவர் பதிவு செய்தது இன்னும் வெளியாகவில்லை. ஆசையை விட வேண்டாம். ஆனால் முதல் ஐந்து வருடத்துக்கு நான்கு பேர் போதும், ஆறு பேர் என்றால் தாராளம்.

காசும் உரிமையும்

காசைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, இரண்டிலும் குறைவு. சுயாதீனப் படத்தில் பெரும்பாலும் 'பேக்கேஜ்' பேசுவார்கள். ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள், வாத்தியக்காரர், ஸ்டுடியோ வாடகை, மிக்ஸிங் எல்லாம் அதற்குள். மிஞ்சுவது உங்களுக்கு. மிஞ்சாமல் போவதும் உண்டு. அதனால் எத்தனை நிமிட இசை, எத்தனை முறை திருத்தம், லாக் ஆன பிறகு காட்சி மாறினால் கூடுதலாக எவ்வளவு என்று மூன்றையும் முன்பே எழுதி வாங்குங்கள். நண்பர்தானே என்று விட்டுவிட்டால் நட்பும் போகும். மேடைப் படைப்புக்கு நம் ஊரில் ஊதியம் கொடுத்து எழுதச் சொல்லும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. பெங்களூருவில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற சில அமைப்புகள் கலைஞர்களுக்கு நல்கை தருகின்றன. விண்ணப்பித்துக் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

உரிமைதான் பெரிய வித்தியாசம், கவனமாகப் படிக்க வேண்டியதும் இதுதான். மேடைக்கு எழுதியது, எழுதிய கணத்திலிருந்து உங்களுடையது. பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 வருடமும் அப்படித்தான். படத்துக்கு எழுதியதன் கதை வேறு. தயாரிப்பாளர் காசு கொடுத்து எழுதச் சொன்ன இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இசையமைப்பாளர்கள் நெடுங்காலம் வெறும் கையோடு நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நிலைமை மாறியிருக்கிறது. படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் ஓடுவதைத் தவிர, மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் உங்களுக்குச் சம பங்கு உண்டு. அந்தப் பங்கு வேண்டாம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் அதை மாற்றிக் கொடுக்கலாம். இசைக்கு அந்தச் சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். முதல் படம் வெளியாவதற்கு முன்பே அதில் உறுப்பினர் ஆகிவிடுவது நல்லது.

ராயல்டி பங்கு இருந்தால் போதாது. அந்த மெட்டை எடுத்து வேறு வடிவத்தில் எழுதும் உரிமை ஒப்பந்தத்தில் தனியாக இருக்க வேண்டும். "இந்தப் படத்துக்காக உருவாக்கிய இசையின் கருப்பொருட்களை மேடை நிகழ்ச்சிக்கும் ஒலிப்பதிவுக்கும் மறுஆக்கம் செய்யும் உரிமை இசையமைப்பாளருக்கு உண்டு" என்ற மாதிரி ஒரு வரி. பெரிய கம்பெனி இதற்கு ஒத்துக்கொள்ளாது. சுயாதீனப் படத் தயாரிப்பாளர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், அவருக்கு இதில் நஷ்டம் இல்லை. உங்களுக்கோ பத்து வருடம் கழித்து இந்த ஒரு வரிதான் சோறு போடும். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே

அந்த வரி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. ஆங்கிலேய இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ், தென்துருவப் பயணி ஸ்காட்டைப் பற்றிய 1948ஆம் வருடப் படத்துக்கு எழுதியதை அப்படியே விடவில்லை. அந்தக் கருப்பொருட்களை வைத்து மறுபடி உழைத்து 1953இல் தன் ஏழாவது சிம்பொனியை மேடைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் மூன்றாவது தந்தி நால்வர் இசை, 1985இல் ஜப்பானிய எழுத்தாளர் மிஷிமாவைப் பற்றி வந்த படத்துக்கு அவர் எழுதியதிலிருந்து பிறந்தது. அந்தப் படத்தின் கறுப்பு வெள்ளைப் பகுதிகளுக்கு அவர் நான்கு தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்திருந்தார், அதனால் மேடைக்குப் போவது சுலபமாக இருந்தது. உலகமெங்கும் நால்வர் குழுக்கள் அதை இன்றும் வாசிக்கின்றன.

எதிர்த் திசையிலும் போயிருக்கிறார்கள். பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் பாட்டு இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1986இல், எந்தப் படத்துக்காகவும் இல்லாமல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்துதான் அதன் பின்னணி இசை எடுக்கப்பட்டது. கட்டி முடியாத ஒரு வீட்டுக்கு அந்த வயலின்கள் எத்தனை பொருத்தம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜானி கிரீன்வுட் பி.பி.சி. கான்சர்ட் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதிய தந்தி வாத்தியப் படைப்பின் பகுதிகள் 2007இல் 'தேர் வில் பி பிளட்' படத்துக்குள் வந்தன. ஏற்கெனவே இருந்த இசை கலந்திருக்கிறது என்று சொல்லி ஆஸ்கர் போட்டியிலிருந்து அந்த இசை விலக்கப்பட்டது. ஆனாலும் அந்தப் படம்தான் அவரைப் பெரும் இயக்குநர்களிடம் கொண்டு சேர்த்தது.

இந்த உதாரணங்களில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மேடையிலிருந்து படத்துக்குப் போன இசை ஏறக்குறைய அப்படியே போனது. படத்திலிருந்து மேடைக்குப் போனதோ, மறுபடி உட்கார்ந்து எழுதிய பிறகு நின்றது, இல்லையென்றால் முதலிலேயே சின்னக் குழுவுக்கு எழுதியிருந்ததால் நின்றது. இருபது துண்டுகளை வரிசையாக ஒட்டி 'சூட்' (இசைத் தொகுப்பு) என்று பெயர் வைத்தால் மேடையில் அது நிற்காது. படத்தைப் பார்த்தவர்கள் காட்சியை நினைத்துக் கைதட்டுவார்கள், பார்க்காதவர்கள் ஏன் இது இங்கே முடிந்தது, ஏன் அது அங்கே தொடங்கியது என்று விழிப்பார்கள்.

நம் ஊரில் இரண்டு பக்கமும் மனதோடு வேலை செய்த ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. எம்.பி. சீனிவாசன் 1960இல் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தார். பின்னர் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்' போன்ற படங்களுக்கு, எவ்வளவு குறைவாக வாசித்தால் போதும் என்று அளந்து இசை கொடுத்தார். இன்னொரு பக்கம் சென்னையில் இளைஞர்களைச் சேர்த்துச் சேர்ந்திசைக் குழு அமைத்தார். பாரதி பாட்டைப் பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிசையில் பாடும்படி எழுதி மேடையேற்றினார். சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் அமைத்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய படங்களை இன்று தேடிப் பார்ப்பவர்கள் சிலர்தான். அந்தச் சேர்ந்திசை அவர் 1988இல் மறைந்த பிறகும் தொடர்ந்து பாடப்பட்டு வந்திருக்கிறது. மேடைக்கு எழுதியதைப் புதிய தலைமுறை மறுபடி வாசிக்கலாம், பாடலாம். படத்தின் இசை அந்தப் பதிவுக்குள் இருக்கிறது, படம் காணாமல் போனால் அதுவும் கூடவே போகும். இரண்டு மூன்று படம் முடித்தவரை மேடைப் பக்கம் தள்ளுவதற்கு இதுவே எனக்குப் பெரிய காரணம்.

சரி, அந்த நான்கு மாதத்துக்கு வருவோம். முதல் படம் என்றால் இப்படிச் செய்யலாம். படத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் நாற்பது வயலின் ஓட்டுவதற்குப் பதிலாக, அழைப்பு அனுப்பிய அதே நால்வர் குழுவை ஒரே ஒரு கால்ஷீட்டுக்கு ஸ்டுடியோவுக்கு அழையுங்கள். சின்னப் படத்துக்கு நாற்பது பேரின் போலிச் சத்தத்தைவிட நான்கு பேரின் நிஜ வில் சத்தம் அதிகம் பொருந்தும், பேக்கேஜுக்குள்ளும் அடங்கும். இருபது துண்டில் முக்கியமான ஆறையாவது அவர்கள் வாசிக்கட்டும். அப்போதே யாருடைய கை எப்படி, வயோலாவின் கீழ்த் தந்தி எவ்வளவு இனிமை, செல்லோக்காரர் எந்த உயரம் வரை நம்பிக்கையோடு போகிறார் என்று தெரிந்துவிடும். மறுஆக்க உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த ஆறில் ஒன்றைக் கருவாக வைத்து மேடைக்கான 12 நிமிடத்தைத் தொடங்கலாம்.

அந்த நால்வரிடம் இப்போது முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். படம் முடியும் தேதியைச் சொல்லி, அதற்கு ஆறு மாதம் கழித்து ஒரு நிகழ்ச்சிக்கு நாள் கேளுங்கள். சபா சீசன் நடக்கும் டிசம்பரும் ஜனவரியும் வேண்டாம், அரங்கமும் நல்ல ஒலிப்பதிவாளரும் கிடைப்பது கஷ்டம். ஜூலை, ஆகஸ்டில் எழும்பூர் மியூசியம் தியேட்டர் மாதிரி ஒரு நடுத்தர அரங்கத்தை விசாரித்துப் பாருங்கள். இரண்டு ஒத்திகைக்குப் பதிலாக மூன்று கேளுங்கள், மூன்றாவது ஒத்திகைக்கான பணத்தைப் படத்தின் ஊதியத்திலிருந்து இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.